லார்க் சங்கத்தின் இருபத்தைந்தாவது ரிப்பன்

எலோயிசா பாரியென்டோஸ் தன் விடுதி அறைக் கதவுக் குமிழில் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது 1966 ஏப்ரலில், ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு. அதன் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது 1980 ஆகஸ்டில். இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் அந்த ரிப்பன் வெயிலில் வெளுக்கவில்லை, ஆலங்கட்டி மழையில் அறுபடவில்லை. சரக்கு ரயில் தினம் இரண்டு தடவை அதன் மேல் ஏறிப் போனது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடுகள் அதை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டின. மேற்கு டெக்ஸாஸில் சோரல் ஃபிளாட்ஸ் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைப் பருத்தி விளைச்சலைச் சொல்கிற குரலிலேயே சொல்வார்கள். ரிப்பன் எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

லார்க் சங்கத்தை 1924இல் ஆரம்பித்தவர் சோரல் ஃபிளாட்ஸ் கல்லூரியில் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் ஒட்டிலி பிராண்ட். கல்லூரியின் கால்பந்து ஆட்டத்தில் கத்தி உற்சாகப்படுத்த ஆண்பிள்ளைகள் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெண்களும் அதில் இடம் கேட்டதற்கு, கத்தினால் தொண்டை கெட்டுப்போகும், கல்யாணத்துக்கு ஆகாது என்று கல்லூரித் தலைவர் பதில் எழுதி அனுப்பினார். மிஸ் பிராண்ட் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்போ பிரசவத்துக்குக் கத்துறது வேற தொண்டையா?" என்று கேட்டாராம். அந்த வாரமே இருபத்துநாலு பெண்களைப் பொறுக்கி, பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் நிறுத்தி, அந்தப் பக்கத்து வேலிக்கம்பங்களில் உட்கார்ந்து பாடும் லார்க் என்ற மஞ்சள் நெஞ்சுக் குருவியின் பெயரை வைத்தார். குருவி மாதிரியே மஞ்சள் கம்பளிக் கோட்டு, நெஞ்சில் கறுப்புக் கோணம். சனிக்கிழமை மைதானத்தில் கத்துவது, ஞாயிற்றுக்கிழமை ஏழை விடுதியில் கிழவர்களுக்கு சூப் ஊட்டுவது, பட்டமளிப்பு நாளில் வெள்ளைக் கையுறை போட்டு விருந்தாளிகளை நாற்காலிக்கு அழைத்துப் போவது. கத்துகிறவளுக்கே சேவை, சேவை செய்கிறவளுக்கே கத்தல். இதுதான் சங்கத்தின் ஏற்பாடு.

முப்பதுகளில் வறட்சி வந்து மண் புயலாக எழும்பியது. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நீட்டிய கை நீட்டியவளுக்கே தெரியவில்லை. லார்க்குகள் விடுதி வாசலிலிருந்து வகுப்பறை வாசல் வரைக்கும் மஞ்சள் ரிப்பன் இழுத்துக் கட்டினார்கள். மாணவர்கள் அதைத் தடவிக்கொண்டே போய்ப் பாடம் படித்துவிட்டுத் தடவிக்கொண்டே திரும்பினார்கள். 1935இல் ஒருத்தி தலைமுடி கட்ட அதில் இரண்டு முழம் வெட்டி எடுத்துக்கொண்டாள். அன்று காலை முதலாண்டுப் பையன்கள் மூன்று பேர் அறுந்த இடத்திலிருந்து நேராக நடந்து பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவன் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அதன் பிறகு சங்கத்தின் குறிப்பேட்டில் விதி ஏறியது: ரிப்பனை யாரும் வெட்டக்கூடாது, ரிப்பனைப் பிடித்து வருகிறவரை யாரும் தடுக்கக்கூடாது. மண் அடங்கிய பிறகும் ரிப்பன் போகவில்லை, ஆள் எடுக்கும் சடங்காக மாறிவிட்டது. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை, தேர்ந்தெடுத்த பெண்ணின் கதவில் பெயர்ச்சீட்டோடு ரிப்பன் கட்டியிருக்கும். பிடித்துக்கொண்டே போனால் முனையில் ஒரு பழைய உறுப்பினர் கோட்டோடு நிற்பாள். கோட்டு தோளில் ஏறும் வரைக்கும் யாரும் லார்க் இல்லை.

எலோயிசாவும் நெல்டாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இரண்டு அப்பாக்களும் ஒரே பருத்தி ஆலையில் பொதி கட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால்கள் இவர்களுடைய நாலு கால்கள்தான். 217ஆம் அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். நாற்பத்திரண்டு வருடமாக லார்க் சங்கத்தின் பட்டியலில் பாரியென்டோஸ் மாதிரி ஒரு மெக்சிகோப் பெயர் இருந்ததில்லை. இது எலோயிசாவுக்குத் தெரியும், ஏனென்றால் நூலகத்தில் ஆண்டு மலர்களை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தவள் அவள். லார்க்குகள் விருந்தில் பரிமாறும்போது அவள் உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள். அங்கிருந்தே அவர்களுடைய கோஷம் அத்தனையையும் மனப்பாடம் செய்து, சலவை அறையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழகினாள். யாரும் கேட்காமலே ஏழை விடுதிக்குப் போய் கிழவர்களுக்கு நகம் வெட்டிவிட்டாள். யாராவது பார்த்து, போய்ச் சொல்லட்டும் என்றுதான் வெட்டினாள். சேவை என்றால் இதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தன் மேலேயே கோபமும் வரும். அந்தக் கோட்டைப் பார்த்தால் வயிறு காந்தும், பார்க்காவிட்டால் கண் தேடும்.

நெல்டாவுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது, அது மூன்று கட்டிடம் தாண்டிக் கேட்கும். அவ்வளவுதான் அவளிடம் இருந்தது.

"நாளைக்குக் காலைல ரிப்பனாம்டி" என்றாள் எலோயிசா, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, என்னவோ பால் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

"எனக்கு எட்டு மணிக்கு உயிரியல் பரீட்சை. தவளையோட குடல் எத்தனை முழம்னு சொல்லு, புண்ணியமாப் போகும்."

"உனக்குக் கட்டினா என்ன பண்ணுவ?"

"எனக்கா? பரீட்சை முடிஞ்சு வரேன்னு சீட்டு எழுதி வைப்பேன்" என்று நெல்டா சிரித்தாள். கீழ்மாடியில் ஒருத்தி சுவரைத் தட்டினாள்.

காலையில் குமிழில் இரண்டு ரிப்பன்கள் இருந்தன. ஒன்றில் நெல்டா பாரியென்டோஸ் என்று சீட்டு. இன்னொன்றில் சீட்டே இல்லை. எலோயிசா இரண்டையும் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெல்டாவின் ரிப்பன் படியிறங்கி முப்பதாவது அடியில் கூடத்திலேயே முடிந்துவிட்டது. அங்கே சங்கத் தலைவி பிரிசில்லா கூல்ஸ்பி கோட்டை விரித்துப் பிடித்தாள், கூடியிருந்தவர்கள் கத்தினார்கள், நெல்டா இரவு உடையின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தாள். எலோயிசாவின் ரிப்பன் அதே படியில் இறங்கி, பிரிசில்லாவின் இரண்டு காலுக்கு நடுவே போய், வாசலைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இது எங்களுது இல்லம்மா" என்றாள் பிரிசில்லா, ரொம்ப அன்பாக. "இருபத்துநாலுதான் கட்டினோம். நானே எண்ணினேன்."

"அப்போ இது யாருது?"

"உன் கதவுலதானே இருந்துச்சு, உன்னுதா இருக்கும். எங்களுது இல்லைன்னு மட்டும்தான் சொல்றேன்." இப்படி ஒரு கதவைச் சாத்துவதற்கு நாலு தலைமுறைப் பழக்கம் வேண்டும்.

ஆனால் வெட்டவும் முடியாது, தடுக்கவும் முடியாது. விதி. அன்றைய குறிப்பேட்டில் செயலாளர் எழுதினாள்: 'ஒரு ரிப்பன் கூடுதல். பிடித்திருப்பவர் நடந்துகொண்டிருக்கிறார்.' அடுத்த வரி விருந்துப் பழரசத்துக்கு எத்தனை எலுமிச்சை வாங்குவது என்பது பற்றியது.

எலோயிசா நடந்தாள். முதலில் வகுப்பு முடிந்த பிறகு, பட்டம் வாங்கிப் பள்ளிக்கூட ஆசிரியை ஆனதும் சனிக்கிழமைகளில். போகப் போக ரிப்பனை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே போவாள். நிறுத்துகிற இடத்தில் உருண்டையின் மேல் கல் ஒன்றை வைத்துவிட்டு வருவாள், அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவாள். ரிப்பன் எங்கே போகிறது என்பது ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. அது லார்க்குகளின் வீடுகள் வழியாகப் போனது. முதலில் 1965ஆம் வருடத்து லார்க்குகள், பிறகு 64, பிறகு 63. கல்யாணமாகி எந்த ஊருக்குப் போயிருந்தாலும் சரி, ஏழு மாவட்டத்துக்குள் இருந்தால் அவள் வீட்டுக்கு ரிப்பன் போகும். முன்வாசலில் நுழையும், சமையலறை வழியாகப் பின்வாசலில் வெளியேறும். கதவுக்கு அடியில் இடுக்கே இல்லாத வீட்டிலும் அப்படித்தான். கதவைத் திறந்தவர்களில் சிலர் அவள் முகத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "பின்பக்கமா வாயேன்" என்றார்கள். "ரிப்பன் முன்பக்கமா வருதுங்க" என்பாள் எலோயிசா. அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். வந்திருக்கும். வழிவிடுவார்கள். அந்த மாவட்டங்களில் வெள்ளைக்காரர் வீட்டு முன்வாசலில் இத்தனை தடவை நுழைந்த பாரியென்டோஸ் வேறு யாரும் இல்லை, இதை அவள் அப்பா ஆலையில் எல்லாரிடமும் சொன்னார்.

உள்ளே விட்ட பிறகு காப்பி தந்தாக வேண்டும், அந்த ஊர் மரியாதை அப்படி. காப்பியோடு பீக்கான் பருப்புப் பணியாரம் ஒரு துண்டு. பிறகு கோட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, தாங்கள் யார் மேல் பொறாமைப்பட்டார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். ரிப்பன் வீட்டுக்குள் கிடந்தால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று பிற்பாடு பலர் ஒத்துக்கொண்டார்கள். வாண்டா லீ ஸ்டிட்ஸெல், 1958, மாவு பிசைந்த கையோடு நின்று, தன் பக்கத்தில் நின்று கத்தியவளின் கணுக்கால் மேல் பத்து வருடமாகப் பொறாமை என்றாள். ஒருத்திக்கு முதல் வரிசையில் நிற்கக் கிடைத்தவள் மேல், ஒருத்திக்குக் கிழவர்கள் யார் கையால் சூப்பை அதிகம் குடித்தார்களோ அவள் மேல். 1952இல் தலைவியாக இருந்தவள் செயலாளரின் கையெழுத்து மேல் பொறாமைப்பட்டு, குறிப்பேட்டின் மூன்று பக்கத்தில் வேண்டுமென்றே காப்பி கொட்டியிருந்தாள். எலோயிசா பணியாரத்தைத் தின்றுகொண்டு கேட்டாள். அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே சொத்து பொறாமைதான் என்று நினைத்திருந்தாள். உள்ளே இருக்கிறவர்கள் அதையும் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்கள். கோட்டைத்தான் தரவில்லை என்றால் இதையுமா அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும்?

நெல்டா டிராக்டர் விற்கும் ரூபென் ஒலிவாஸைக் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே செங்கல் வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்கு இடது பக்கம் ஒரு லார்க், எதிர்வீட்டில் ஒரு லார்க். ரிப்பன் இடது வீட்டுக்குள் போய், வெளியே வந்து, நெல்டாவின் வேலியை ஒட்டி வளைந்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனது. அந்தச் சனிக்கிழமை நெல்டா காலையிலிருந்தே ஜன்னலில் நின்றாள். மேசை மேல் பணியாரம் கூடச் செய்து வைத்திருந்தாள். எலோயிசாவைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி, எல்லா வீட்டுக்குள்ளயும் போகுது, என் வீட்டுக்கு மட்டும் வராதாமா?"

"இது அறுபத்தஞ்சுலேருந்து பின்னால போகுது. நீ அறுபத்தாறு."

"அது என்ன கணக்கு? ரிப்பனுக்குக் காலண்டர் தெரியுமா? நீதான் வளைச்சுக் கூட்டிட்டுப் போற."

"நான் எங்கடி வளைக்கிறேன்? அது போற வழிக்கு நான் போறேன். உனக்கென்ன குறை, முப்பது அடியில முடிஞ்சுதே! மகராசி, செருப்புக்கூடப் போடாம போய் வாங்கிட்டு வந்தியே!"

"அதான்டி சொல்றேன்!" என்றாள் நெல்டா. "முப்பது அடி! தூக்கமே கலையல எனக்கு. என்ன கிடைச்சுதுன்னு தெரியறதுக்குள்ள கிடைச்சு முடிஞ்சுபோச்சு."

எலோயிசாவுக்கு அந்த நிமிடம் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சமையலறை மூலையில் நாய் குட்டிகளோடு படுத்திருந்தது, அதற்கடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கறுப்புக் கோணமும் தெரிந்தது.

"அது என்ன?"

"எது? ஓ, அதா. பூச்சி அரிச்சிடுச்சு. நாய்க்குக் குளிருதேன்னு…"

எலோயிசா வெளியே வந்து ரிப்பனைப் பிடித்தாள். பிறகு மூன்று வருடம் நெல்டா வீட்டுக்குப் போகவில்லை. தான் ஏழு வருடமாகப் பார்த்துப் பார்த்து வெந்த பொருளின் மேல் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது என்பதை அவளால் மன்னிக்க முடியவில்லை. நாயையும் சேர்த்துத்தான்.

அதே வருடம், 1973இல், லார்க் சங்கம் முடிந்தது. பெண்களுக்கு அப்போது வேறு வேலைகள் வந்திருந்தன, ஆண்கள் குழுவிலேயே கத்தலாம் என்றும் ஆகிவிட்டது. கடைசிக் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள். பழரசம் கலக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு மணிநேரம் சண்டை போட்டுவிட்டு, சங்கத்தைக் கலைப்பதாக இரண்டு நிமிடத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒருத்தி ஞாபகமாக எலோயிசாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள்: 'சங்கம் இனி இல்லை, நீங்கள் சிரமப்பட வேண்டாம்.' எலோயிசா அப்போது 1946க்கு வந்திருந்தாள். அட்டையைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். தராததை இல்லை என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அவளுக்கு ரிப்பன் இருக்கிறது, ரிப்பனுக்கு முனை இருக்கும்.

உருண்டை முதலில் கையில் இருந்தது, பிறகு தள்ளுவண்டிக்குப் போனது, பிறகு அவளுடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஓர் இழுவண்டியில். பருத்தி ஆலையில் அதைத் தராசில் ஏற்றி எடை பார்த்து, மற்றப் பொதிகளுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சீட்டும் கட்டிவிட்டார்கள். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் ரிப்பன் கிடக்கும் வயலில் கத்தியைத் தூக்கி ஓட்டினார்கள். 1977இல் ரிப்பன் மாரின் டீக் என்பவளுடைய வீட்டுக்குள் போனது. அந்த வீடு 1951இல் எரிந்துபோனது, மாரினும் உள்ளேதான் இருந்தாள். எலோயிசா போனபோது அங்கே வெறும் புல்தான் இருந்தது, ஆனால் ரிப்பன் தரையிலிருந்து மூன்று படி உயரம் ஏறி நின்றது, அவளும் ஏறினாள். மாரின் கதவைத் திறந்து காப்பி தந்தாள். அவளுக்கு 1931இல் தன் தங்கை மேல் பொறாமை. காப்பி கொஞ்சம் நீர்த்திருந்தது என்பதைத் தவிர எலோயிசா அந்த வீட்டைப் பற்றி எதுவும் குறை சொன்னதில்லை.

1980 ஆகஸ்டில், மழை பெய்து நாற்பது நாளான ஒரு சனிக்கிழமை, ரிப்பன் ஹேஸல் ஓபர்ஹோல்ட் வீட்டுக்குள் போனது. அவள் சங்கத்தின் முதல் தலைவி, எழுபத்தாறு வயது. ரிப்பன் அவள் நாற்காலிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. பின்வாசல் பக்கம் போகவில்லை. எலோயிசா அங்கேயே நின்று முனையைப் பார்த்தாள். சாதாரண முனை, கொஞ்சம் நைந்திருந்தது.

"வந்துட்டியா? நீ வேற யாராவதா இருப்பேன்னு நினைச்சேன்" என்றாள் ஹேஸல். மடியில் காகிதத்தில் சுற்றிய கோட்டு ஒன்று இருந்தது, பூச்சி தொடாதது. "இருபத்தஞ்சு தைச்சோம். ஸேடா ப்ரூயிட்னு ஒருத்தி, வண்ணாத்தி மக. அவளும்தான் எங்களோட இருந்தா. ரெண்டு வரிசை சரியா வராதுன்னு மிஸ் பிராண்ட் கிட்டச் சொல்லி அவளை நீக்க வச்சேன்."

"வரிசை சரியா வராதுன்னா?"

"வரிசையா! அவ கத்தினா என் சத்தம் எனக்கே கேக்காது. அவ்வளவுதான் விஷயம்."

"அப்புறமாவது அவளுக்குக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருக்கலாம்" என்றாள் ஹேஸல். "குடுக்கல. குடுத்தா அவ வாங்கிட்டுப் போட்டுப்பாளே." சொல்லிவிட்டு, கிழவி கோட்டை விரித்துப் பிடித்தாள். எலோயிசாவுக்கு அந்தக் கோட்டு இன்னொருத்தியுடையது என்று தெரியும். வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்றும் தெரியும். திரும்பி நின்று இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். கோட்டு தோளில் ஏறியது. ஹேஸல் அந்த வயதில் முடிந்த அளவுக்கு ஒரு கோஷம் போட்டாள். எலோயிசா பதில் கோஷம் போட்டாள். சலவை அறையில் பழகியது, ஒரு சொல் தப்பவில்லை. தெருக்கோடியில் இரண்டு நாய் குரைத்தது.

உருண்டையை ஹேஸலின் முற்றத்திலேயே விட்டுவிட்டு, நாற்பது மைல் வண்டி ஓட்டி நேராக நெல்டா வீட்டுக்குப் போனாள். வழியில் அம்மா வீடு இருந்தது, நிறுத்தவில்லை. நெல்டா கதவைத் திறந்தாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தாள். காலரில் ஆரம்பித்து, கறுப்புக் கோணம், பொத்தான், விளிம்பு என்று கீழே போய் மறுபடியும் மேலே வந்தாள். எலோயிசா அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் நின்றாள்.

"கை கொஞ்சம் நீளம்" என்றாள் நெல்டா கடைசியில்.

"சரியாத்தான் இருக்கு."

"கம்பளி நல்ல கம்பளி. எங்களுக்குக் குடுத்தது இவ்வளவு கனமில்ல." விரலால் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தாள். "ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத் தரவா?"

"மாட்டேன்."

"ஒரு நிமிஷம்டி."

"ஒரு நிமிஷமும் தர மாட்டேன்."

"சரி, உள்ள வா. சாப்பிடு" என்றாள் நெல்டா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பீன்ஸும் சோள ரொட்டியும் பச்சை மிளகாய்ச் சாறும் இருந்தன. எலோயிசா மேசையில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். ரூபென் வேலையிலிருந்து வந்தான், கோட்டைப் பார்த்தான், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். நெல்டா எதிரில் உட்கார்ந்து, அவள் கழற்றுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று வெயில் நூற்று ஆறு டிகிரி. கழுத்து வழியாக வேர்வை ஓடி, கோட்டுக்குள் இறங்கி, முழங்கையில் சொட்டியது. எலோயிசா மூன்றாவது ரொட்டியை எடுத்துக்கொண்டு, மேல் பொத்தானையும் மாட்டினாள்.